ஐந்தடி யாருக்குச் சொந்தம்?

ஒருவரைத் தொடாமலே அவருக்குத் தீங்கு செய்ய முடியுமா? முடியும் என்பதை வியாபாரிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எடைக்கல்லில் குறை வைப்பவர் வாங்க வந்தவரை அடிப்பதில்லை, வைவதுமில்லை. சிரித்த முகத்தோடு பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார். ஆனாலும் அவர் செய்வது தீங்கு என்பதில் நம்மில் எவருக்கும் சந்தேகமில்லை. அளவிலும் நிறுவையிலும் நாணயம் வேண்டும் என்று ஓதப்பள்ளிக்குப் போன நாளிலேயே நமக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். கல்லாப்பெட்டிக்கு அருகே நடக்கும் கொடுக்கல் வாங்கலில் நம் வியாபாரிகளுக்கு இந்த ஊரில் நல்ல பெயர் உண்டு. அந்தக் கல்லாப்பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி, கடைவாசலுக்கு வெளியே நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. அதைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஞாயிறு மாலை சிராங்கூன் ரோட்டில் நடந்து பழகியவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதிதாக இராது. கடைச் சுவருக்கும் தூண்களுக்கும் நடுவே ஐந்தடி ஓடுகிறது. அதிலே ஒரு கடை முன்னால் காய்கறிப் பெட்டிகள். அடுத்த கடை முன்னால் பயணப் பெட்டிகளின் அடுக்கு. அதற்கடுத்ததில் தலைக்கு மேல் தொங்கும் சட்டைகளும் காலடியில் செருப்புக் கூடைகளும். நடக்கிறவர் முதல் கடையில் சற்று ஒதுங்குகிறார். இரண்டாவது கடையில் உடம்பைச் சாய்த்து நுழைகிறார். மூன்றாவது கடையில் முடியாமல் தூணைத் தாண்டி வெளியே இறங்குகிறார். வெளியே உள்ள நடைபாதையும் ஜனக்கூட்டத்தால் நிறைந்திருந்தால் அவருடைய அடுத்த அடி தார் ரோட்டின் மேல் விழுகிறது. அங்கே பஸ் வந்துகொண்டிருக்கிறது.

அந்த அடியை எடுத்து வைத்தவர் அவர்தாம். எடுத்து வைக்கும்படி செய்தவர் யார்?

விபத்து நடந்துவிட்டால் போலீசார் இரண்டு பேரை விசாரிப்பார்கள்: வண்டி ஓட்டியவர், அடிபட்டவர். வேகமாக வந்தாரா, பார்க்காமல் இறங்கினாரா என்று கேட்பார்கள். மூன்றாவது கடையின் செருப்புக் கூடையை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. சட்டத்தின் கண்ணில் அது எங்கோ தூரத்துக் காரணம். ஆனால் மனச்சாட்சியின் கணக்கும் சட்டத்தின் கணக்கும் எப்போதும் ஒரே பேரேட்டில் எழுதப்படுவதில்லை.

இந்த ஐந்தடி எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. 1822ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ராஃபிள்ஸ் துரை சிங்கப்பூரின் நகர அமைப்புக் குழுவுக்குக் கொடுத்த கட்டளைகளில் இதற்கு வித்து இருக்கிறது. கட்டப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் குறிப்பிட்ட ஆழத்துக்குத் தாழ்வாரம் விட வேண்டும். அது எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். தெருவின் இரு பக்கமும் இடைவிடாமல் கூரையிட்ட நடைவழியாகச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். நம் முன்னோரான சூலியாக்களுக்கு இடம் ஒதுக்கியதும் இதே நகர அமைப்பில்தான். ஆகவே ஐந்தடிக்கும் நமக்கும் உள்ள உறவு இந்த ஊரில் நம் வியாபாரத்தின் வயதை ஒத்தது. மலாய்க்காரர் இதைக் காக்கி லீமா என்றார்கள். நம் மக்கள் வாயில் அது அஞ்சடி ஆயிற்று. எல்லா இடத்திலும் அது சரியாக ஐந்தடி இருப்பதில்லை. சில கடைகளில் கூட, சில கடைகளில் குறைய. ஒரு கடையின் தளம் உயர்ந்தும் அடுத்த கடையின் தளம் தாழ்ந்தும் கிடப்பதால் பெரியவர்கள் ஒவ்வொரு வாசலிலும் படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர் பாடு இதைவிட மோசம்.

கவனிக்க வேண்டிய விஷயம் என்னவென்றால், பழைய கடைவீடுகளில் ஐந்தடி இருக்கும் நிலம் பெரும்பாலும் கடைக்குச் சொந்தக்காரருடையது. பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. நடக்கும் உரிமை ஊரார் பெயரில் இருக்கிறது. இது ஒரு விசித்திரமான சொத்து என்று சிலருக்குத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்ற நியாயமில்லை. ஊரில் நம் பாட்டனார் வீட்டுத் திண்ணை யாருடையது? வீடு கட்டியவருடையதுதான். ஆனாலும் வழிப்போக்கர் அதில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்பவர் இல்லை. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே பெண்கள் நடமாடுவதற்கென்று முடுக்குகள் விட்டிருக்கிறார்கள். நிலத்தின் விலை தெரியாமலா விட்டார்கள்? நடக்கிறவருக்கு ஒரு வழி வேண்டும் என்று எண்ணியவர்கள் தம் மனையைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

இத்தாலி நாட்டுப் பொலோனியா நகரத்திலும் இதே வழக்கம் இருக்கிறது. தெருவைப் பார்த்த வீடுகளுக்கு முன்னால் தூண் வைத்த நடைகூடம் விட வேண்டும் என்று 1288ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டம் செய்தார்கள். பராமரிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. நடப்பது ஊராரின் உரிமை. எல்லாம் சேர்ந்து 60 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்த நடைகூடங்களை 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. எழுநூறு ஆண்டுகளாக வீட்டுக்காரர் மாறியிருக்கிறார், அரசு மாறியிருக்கிறது, வழி மாறவில்லை.

சிங்கப்பூரில் கதை இவ்வளவு அமைதியாகப் போகவில்லை. வியாபாரிகள் வந்தார்கள், சரக்கு வந்தது, சரக்கு வாசலுக்கு வெளியே வந்தது. நடைவழி சரக்கறையாக மாறிவிட்டதைக் கண்ட முனிசிபாலிட்டி, 1887ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 1888 பிப்ரவரியில் ஐந்தடிகளைக் காலி செய்ய ஆட்களை அனுப்பியது. கடைகள் அடைக்கப்பட்டன. தெருவில் கல்லெறி நடந்தது. டிராம் வண்டிகளும் தப்பவில்லை. சில நாள் நகரத்தின் வியாபாரமே நின்றுபோயிற்று. வராந்தா கலகம் என்று சரித்திரம் எழுதியவர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். அந்தச் சண்டையில் முன்னின்றவர்கள் பெரும்பாலும் சீனர்களே ஆனாலும், வழக்கு எல்லா வியாபாரிகளுக்கும் பொதுவானது. ஒரு பக்கம், நடப்பவருக்கு வழி விடு என்ற கட்டளை. மறு பக்கம், எங்கள் பிழைப்பில் கை வைக்காதே என்ற முறையீடு. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்த வழக்குக்கு முழுத் தீர்ப்பு ஆகவில்லை. இன்றும் அதிகாரிகள் வருகிற சேதி கிடைத்தால் பெட்டிகள் உள்ளே போகின்றன. அவர்கள் போனதும் வெளியே வருகின்றன.

வியாபாரிகள் தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தேக்காப் பக்கத்துக் கடை வாடகை என்னவென்று வாடகை கொடுக்கிறவருக்குத்தான் தெரியும். கடையோ குறுகலானது, நீளமானது. உள்ளே இருக்கும் சரக்கு தெருவில் போகிறவர் கண்ணுக்குப் படாது. கண்ணில் படாத சரக்கு விற்பதுமில்லை. தவிரவும், நம் சமூகத்தில் பெரிய வியாபாரம் என்று சொல்லும்படி வளர்ந்த குடும்பங்கள் சில ஐந்தடியில் ஒட்டுக்கடை போட்டுத் தொடங்கியவைதாம். வெற்றிலையும் சிகரெட்டும் விற்று, இரவில் அங்கேயே படுத்துறங்கி, ஊருக்குப் பணம் அனுப்பியவர்களின் வியர்வை அந்தத் தரையில் இருக்கிறது. சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லிவிட நமக்கு நா எழவில்லை. ஐந்தடி என்பது வெறும் நடைவழியாக மட்டும் இருந்தால் தேக்கா தேக்காவாகவே இராது என்பதும் உண்மை. பூ கட்டுகிறவரும் பத்திரிகை விற்கிறவரும் இல்லாத சிராங்கூன் ரோட்டை யார் விரும்புவார்கள்?

ஆகவே, ஐந்தடியில் எதுவுமே இருக்கக் கூடாது என்பது நம் வாதமன்று. எது வரை என்பதே கேள்வி. சுவரோரம் ஒட்டி உட்கார்ந்து பூ கட்டுகிறவர் இருக்கும்போதும் இரண்டு பேர் எதிரெதிரே போய்வர இடம் இருக்கிறது. தூண் வரைக்கும் பெட்டி அடுக்கிவிட்டால் இடமில்லை. முன்னது வழியைப் பங்கிட்டுக்கொள்வது. பின்னது வழியை எடுத்துக்கொள்வது.

வழியை எடுத்துக்கொள்ளும்போது என்ன ஆகிறது என்பதற்கு நம் பிக்ஹு நூல்களில் ஒரு பழைய சட்டம் உண்டு. ஒருவர் அனுமதியின்றிப் பொதுவழியில் குழி தோண்டுகிறார். இன்னொருவர் அதில் விழுந்து இறந்துபோகிறார். தோண்டியவர் அந்நேரம் அங்கே இல்லை. விழுந்தவரை அவர் தள்ளவுமில்லை. அவர் யாரென்றுகூட அறியமாட்டார். ஆயினும் ஈடு கொடுக்கும் பொறுப்பு தோண்டியவர் பக்கமே சேரும் என்று சட்ட அறிஞர்கள் எழுதினார்கள். தம் சொந்த நிலத்தில் தோண்டியிருந்தால் கதை வேறு. பொதுவழியில் நடக்கிறவர் தம் காலடியை நம்பி நடக்கிறார். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவரே நேர்ந்ததற்குப் பொறுப்பாளி. மோட்டார் வண்டியைக் கனவிலும் காணாத காலத்தில் எழுதப்பட்ட சட்டம் இது.

இங்கே ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். குழி விழ வைக்கிறது. பெட்டி அடுக்கு சுற்றிப் போக வைக்கிறது, அவ்வளவுதான். சுற்றிப் போகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு போகலாமே, பஸ் வருகிறதா என்று பார்க்கலாமே என்று வாதிக்கலாம். திடகாத்திரமான வாலிபருக்கு இந்த வாதம் பொருந்தும். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அங்கூலியாப் பள்ளிவாசலை நோக்கி ஊன்றுகோலோடு நடக்கும் எழுபது வயதுப் பெரியவருக்குப் பொருந்துமா? டன்லப் ஸ்டிரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் தாய்க்கு? கண் தெரியாதவர் கைத்தடியால் தட்டித் தட்டிச் சுவரைப் பிடித்துப் போகிறார். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மூட்டை இருந்தால் அவர் எதைப் பிடித்துக்கொள்வார்? வழி என்பதை வலிமையுள்ளவரின் அளவுக்கு வைத்தால் அது வழியாகாது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் தர்மமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வழக்கமாக அதற்கு முள்ளையும் கல்லையும் உதாரணம் காட்டுவார்கள். முள் தானாக வந்து கிடப்பது. நம் சரக்கு அப்படியா?

நிற்க. இத்தனையும் கேட்டபின் ஒரு கடைக்காரர் தனியே நம்மிடம் என்ன சொல்வார் என்பது நமக்குத் தெரியும். "நீங்கள் சொல்வது சரிதான் பாய். ஆனால் பக்கத்துக் கடைக்காரர் எடுக்காமல் நான் மட்டும் எடுத்தால் என் வியாபாரம் அவருக்குப் போய்விடும்" என்பார். உண்மையான சங்கடம் இங்கேதான் இருக்கிறது. இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட நாம் தயாரில்லை. ஒரு வரிசையில் பத்துக் கடைகள். பத்தும் இரண்டடி வெளியே வந்திருக்கின்றன. பத்துப் பேரும் ஒரே அளவு வெளியே வந்துவிட்டபடியால் ஒருவருக்கும் தனி ஆதாயம் கிடையாது. முன்பு உள்ளே இருந்தபோது இருந்த போட்டியே இப்போது வெளியே நடக்கிறது. நடக்கிறவர் இழந்தது இரண்டடி. வியாபாரிகள் அடைந்தது எதுவுமில்லை. ஆனாலும் தனியாகப் பின்வாங்குகிறவருக்கு மட்டும் நஷ்டம். நல்லவர் நஷ்டப்படவும் மற்றவர் தப்பித்துக்கொள்ளவும் ஆன இப்படிப்பட்ட நிலையில் தனி மனிதரின் நற்குணத்தை மட்டும் நம்பியிருப்பது நியாயமாகாது. பத்துப் பேரும் ஒரே நாளில் பின்வாங்கினால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. அதற்கு ஒருவர் பேசித் தொடங்க வேண்டும். சங்கங்கள் எதற்காக இருக்கின்றன? ஆண்டு விருந்துக்கும் மாலை போடுவதற்கும் மட்டுமா?

எல்லோரும் செய்கிறார்களே என்பது ஒரு விளக்கமாக நிற்கலாம், மன்னிப்பாக நிற்காது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்கினால் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு கனமாகிறது. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து அடைத்த வழியில் ஓர் உயிர் போய்விட்டால், அந்த உயிரைப் பத்தாக வகுத்து ஆளுக்கொரு சிறு பங்கு என்று கணக்கு எழுத முடியாது.

நடப்பவருக்கு இடம் விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்துக்கு நம் சரித்திரமே பதில் சொல்லும். காலியர் கீயிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் சேஞ்ச் அலி சந்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் நாணய மாற்றுக்காரர்கள் பேர் வாங்கிய இடம் அது. அங்கே கார் நுழையவில்லை, லாரி நுழையவில்லை. கப்பலிலிருந்து இறங்கியவரும் ஆபீசிலிருந்து வந்தவரும் தோளோடு தோள் உரசி நடந்தார்கள். நடந்தார்கள், நின்றார்கள், பேரம் பேசினார்கள், வாங்கினார்கள். 1989இல் பழைய சந்து மூடப்படும்வரை அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. காரில் போகிறவர் கடையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார். நின்று வாங்குகிறவர் நடந்து வருகிறவர். பஸ்ஸில் வருகிறவரும் ரெயிலில் வருகிறவரும் கூட நம் கடைக்கு வரும்போது நடந்துதானே வருகிறார்கள்? லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் ரெயில் நிலையங்கள் 2003இல் திறந்தன. டவுன்டவுன் பாதையில் ரோச்சோர் நிலையம் 2015இலும் ஜாலான் புசார் நிலையம் 2017இலும் வந்தன. தரைக்கடியில் இத்தனை கோடி செலவழித்து அரசாங்கம் வாடிக்கையாளரை நம் தெரு முனை வரை கொண்டுவந்து விடுகிறது. அங்கிருந்து நம் வாசல் வரை உள்ள சில நூறு கஜ தூரம்தான் பாக்கி. அதில் ஒரு பகுதி நம் கையில் இருக்கிறது.

இந்த இடத்தில் 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதியைப் பற்றிப் பேசாமல் போவது சரியல்ல. அன்று ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தொழிலாளர்களை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கட்டுமானத் தொழிலாளி மாண்டுபோனார். அதையடுத்துக் கலகம் மூண்டது. வண்டிகள் எரிந்தன. முன்னாள் நீதிபதி பன்னீர் செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 2014இல் அறிக்கை வெளிவந்தது. அந்தச் சாவு ஒரு விபத்து, ஓட்டுநர் மேல் குற்றமில்லை என்று குழு முடிவு கூறியது. இந்தச் சாவுக்கும் கடை முன் சரக்குக்கும் முடிச்சுப் போட நாம் வரவில்லை, சம்பந்தமில்லை. கலகம் செய்தவர்களுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை.

நம் மனத்தில் நிற்பது வேறொன்று. கலகம் நடந்த மறுநாள் முதல் பேச்செல்லாம் மதுவைப் பற்றியும் போலீசைப் பற்றியும் நாட்டின் நற்பெயரைப் பற்றியும் ஆயிற்று. அடுத்த ஞாயிறு தொழிலாளர் பஸ்கள் ஓடவில்லை, மது விற்பனை தடுக்கப்பட்டது, வியாபாரம் படுத்தது, நம் கடைக்காரர்கள் நஷ்டக் கணக்குப் பார்த்தார்கள். இதில் தவறு இல்லை. ஆனால் வாரம் முழுதும் உழைத்து, ஒரு நாள் விடுப்பில் சாமான் வாங்க வந்து, வீடு திரும்ப பஸ் ஏறப் போன இடத்தில் ஒரு மனிதர் செத்தார் என்ற முதல் சேதி பேச்சில் மெல்ல மறைந்துபோயிற்று. ஒரே இரவில், ஒரே மூலையில், ஆயிரக்கணக்கான நடப்பவர்களும் பெரிய சக்கரங்களும் சில அடி இடைவெளியில் நெருங்குகிறார்கள். பஸ் ஏறும் இடத்தையும் வரிசையையும் பின்னர் ஒழுங்கு செய்தார்கள். அந்தக் கூட்டம் யாருடைய வாடிக்கை? பருப்பும் மீனும் துணியும் தங்கமும் வாங்கி, பணம் அனுப்பி, நம் அடுப்பு எரியக் காரணமாயிருக்கும் அந்த மனிதர்கள் வேறெந்தப் பேட்டைக்கும் போகாமல் நம் பேட்டைக்கு வருகிறார்கள். வந்தவர் பத்திரமாய்த் திரும்பிப் போவதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நமது அபிப்பிராயம். வீட்டுக்கு வந்த விருந்தாளியை இருட்டில் வாசற்படி வரை விளக்குப் பிடித்து அனுப்புகிறோமே, அந்த அளவுக்காவது.

பொறுப்பெல்லாம் வியாபாரிகள் தலையில் என்று இதைப் படிக்கிறவர் முகம் சுளிக்க வேண்டாம். பெரும் பங்கு ரோடு போடுகிறவர்களுடையது. வேகத்தின் கணக்கு இரக்கமற்றது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் 8 மீட்டரை ஒட்டி. ஓட்டுநர் கண்டு காலை பிரேக்கில் வைப்பதற்குள் இந்த வித்தியாசத்தில் ஓர் உயிர் அகப்பட்டுக்கொள்கிறது. மோதும் பலமோ வேகத்தோடு ஒன்றுக்கு ஒன்றாக ஏறுவதில்லை. ஐம்பதில் மோதும் வண்டியின் பலம் முப்பதில் மோதுவதைப்போல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. உலகம் முழுதும் 2021இல் சாலை விபத்துகளில் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்றும், அதில் பாதிக்கு மேல் நடப்பவரும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருமே என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்குக் காட்டுகிறது. இதையெல்லாம் ஆராய்ந்த சுவீடன் நாடு 1997இல் ஒரு கொள்கையை ஏற்றது: மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இல்லாதபடி ரோட்டை அமைக்க வேண்டியது அமைக்கிறவர் கடமை. நார்வேயின் தலைநகரான ஓஸ்லோவில் நகர நடுவில் தெருவோரக் கார் நிறுத்துமிடங்களை நூற்றுக்கணக்கில் எடுத்தார்கள். அங்கும் கடைக்காரர்கள் பயந்தார்கள். 2019ஆம் ஆண்டு முழுதும் அந்நகரில் நடப்பவரோ சைக்கிள்காரரோ ஒருவர்கூட விபத்தில் சாகவில்லை.

சிங்கப்பூரிலும் 2014 முதல் முதியோர் அதிகம் உள்ள பேட்டைகளில் 'சில்வர் ஸோன்' என்று ஏற்படுத்தி, வேகத்தை 40க்கும், முடிந்த இடங்களில் 30க்கும் குறைத்துவருகிறார்கள். ரோட்டின் நடுவில் நின்று இளைப்பாறிக் கடக்க மேடை வைக்கிறார்கள். கேம்பல் லேனில் வண்டிகளை எடுத்துவிட்டு நடப்பவருக்கே தெருவைக் கொடுத்திருக்கிறார்கள். இத்தகைய ஏற்பாடுகள் சிராங்கூன் ரோட்டுக்கும் அதன் குறுக்குத் தெருக்களுக்கும் இன்னும் வேண்டும் என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஒரு கையால் மனு நீட்டிக்கொண்டு மறு கையால் பெட்டியை வெளியே தள்ளுகிறவரின் மனுவை யார் மதிப்பார்கள்?

சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரத்தால் ஓடும் நிற்கும் ஸ்கூட்டர்களை நடைபாதையில் ஓட்டக் கூடாது என்று 2019 நவம்பர் 5ஆம் தேதி முதல் தடை வந்தது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்த வாலிபர்கள் பலருக்கு அது வயிற்றில் அடி. அரசாங்கம் 70 லட்சம் வெள்ளி ஒதுக்கி, வேறு வண்டிக்கு மாற உதவியது. நடப்பவர் உயிர் முதலில், பிழைப்புக்கு வேறு வழி செய்யலாம் என்பது அதன் நியாயம். நம் பேட்டையில் அந்தத் தடையை மெச்சியவர்கள் பலர். அதே நியாயம் இரண்டு சக்கரத்துக்குத்தான் பொருந்துமா, இரண்டடிப் பெட்டிக்குப் பொருந்தாதா? சைக்கிள்காரருக்கும் நம்மால் ஒரு தொல்லை உண்டு. ரோட்டோரம் சாமான் இறக்க நிற்கும் லாரியைச் சுற்ற அவர் நடு ரோட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. அதே லாரி பஸ் நிற்கும் இடத்தில் நின்றுவிட்டாலோ, பஸ் ஓரத்துக்கு வர முடியாமல் தள்ளி நிற்கும். இறங்குகிற பிரயாணி வண்டிகள் போகும் பாதையில் கால் வைப்பார். ஐந்து நிமிஷ வேலை என்று லாரிக்காரர் சொல்வார். அந்த ஐந்து நிமிஷத்தில் எத்தனை பஸ்கள் வருகின்றன என்பதை அவர் எண்ணுவதில்லை.

செய்யக்கூடியது என்ன? பெரிய செலவு பிடிக்கும் காரியம் எதையும் நாம் சொல்லப்போவதில்லை. ஒரு வரிசைக் கடைக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து, சுவரிலிருந்து எத்தனை அடிவரை சரக்கு வைக்கலாம் என்று பேசி, தரையில் ஒரே கோடாகச் சாயம் பூசிக்கொள்ளலாம். கோட்டைத் தாண்டாமலிருப்பதை அதிகாரிகள் பார்த்துக்கொள்வதைவிட அடுத்த கடைக்காரர் பார்த்துக்கொள்வது மேல். அவர் தினமும் அங்கே இருக்கிறார், அவருக்கு அதில் அக்கறையும் இருக்கிறது. அந்தக் கோடு சட்டம் விடச் சொல்லும் வழியைக் குறைக்காமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சாமான் இறக்கும் நேரத்தைக் கூட்டம் சேருமுன் காலையிலேயே வைத்துக்கொள்ளும்படி சப்ளை செய்கிறவர்களிடம் பத்துக் கடைகள் சேர்ந்து சொன்னால் கேட்பார்கள். ஒரு கடை சொன்னால் கேட்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் நம்மவர்களே பள்ளிவாசல் தெருவில் இரண்டாம் வரிசையாகக் காரை நிறுத்திவிட்டுத் தொழப் போவதைப் பற்றியும் அதே கூட்டத்தில் பேசலாம். அதை எழுத நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

எந்த வரிசையில் தொடங்குவது என்று கேட்டால், பஃபலோ ரோடு பக்கத்தில் தொடங்கலாம் என்பது நமது எண்ணம். காய்கறிச் சரக்கும் லாரியும் பஸ் பிரயாணிகளும் ரெயில் நிலையத்திலிருந்து வருகிறவர்களும் ஒருங்கே சேரும் இடம் அது. அங்கே கைகூடினால் மற்ற இடங்களில் சுலபமாகக் கைகூடும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். வருகிறவர்கள் தத்தம் கடை வாசலில் சுவருக்கும் தூணுக்கும் நடுவே எத்தனை அடி, அதில் சரக்கு போக இப்போது மிச்சம் எத்தனை அடி என்று அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தால் பேச்சுக்கு உதவியாயிருக்கும். அளப்பதை ஞாயிறு மாலை ஏழு மணிக்குச் செய்வது நல்லது. காலையில் கடை திறக்குமுன் அளந்தால் எல்லோருக்கும் ஐந்தடி சரியாகவே இருக்கும்.